ஸ்கோபஸ் பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று 42,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்தில் கோர்வை இல்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்களைத் தொகுத்துப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் உள்ள இதழில் கட்டுரை வெளியிட உதவுகிறோம் என்று சொல்லும் ஒரு பப்ளிகேஷன் கன்சல்டன்சி என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் கட்டுரையை ஒரு போலித் தளத்தில் ஏற்றிவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். என் பெயரில் ஒரு தப்பான எண் இப்போது ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் தூங்கவிடவில்லை. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வு, தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றியது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனால் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் சில குக்கிராமங்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே போகின்றன. அந்தக் கிணறுகளில்தான் கோடையிலும் மழைக்குப் பிறகும் மாதிரி எடுத்தேன். ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். வீட்டுக்காரர் பைக்கின் பின்னால் சாக்குப்பையில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு போய் எடுத்த தண்ணீர் அது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஒரு கிணற்றில் எனக்குக் கிடைத்தது 2.8. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீசிஸ் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. நடைமுறையில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை அப்படியே வைத்திருக்கின்றன, எங்களுடையதும்தான். யுஜிசி ஏற்கும் இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன, எல்லோரும் ஸ்கோபஸ், ஸ்கோபஸ் என்று ஓடுகிறோம். பதவி உயர்வுக்கு அது, கல்லூரியின் ரேங்கிங்குக்கும் அது. முதல்வர் மீட்டிங்கில் “இந்த வருஷம் டிபார்ட்மென்டுக்கு எத்தனை பேப்பர்?” என்றுதான் கேட்பார். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஓட்டத்தை நம்பித்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

ஆய்வு மாணவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் விளம்பரம் வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையானவர். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார், அல்லது படித்தவர்போல் பேசினார். “மேடம், உங்க டேட்டா ரொம்ப நல்லா இருக்கு. இதை லோக்கல் ஜர்னல்ல போட்டு வேஸ்ட் பண்ணாதீங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இதழின் பெயரையும், இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் கேட்டேன். உடனே ஸ்கிரீன் ஷேர் போட்டு ஸ்கோபஸ் இதழ்ப் பட்டியலைத் திறந்து, என்னையே அந்த எண்ணைத் தட்டச் சொன்னார். தட்டினேன். இதழ் வந்தது. ஐரோப்பாவில் ஒரு அறிவியல் கழகம் பல காலமாக நடத்தும் நிஜமான இதழ். பெயர் சரி, எண் சரி, பட்டியலில் தொடர்கிறது என்பதும் சரி. பிறகு அவர் இதழின் இணையதளத்தைத் திறந்து காட்டினார். அதே பெயர், அதே எண், அதே அட்டை, ஆசிரியர் குழுவில் அதே பேராசிரியர்கள்.

தளம்தான் வேறு. நிஜ இதழின் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு வேறொரு முகவரியில் நடத்தும் நகல் கடை அது. ஸ்கோபஸ் பக்கத்தில் முன்பு இதழின் தளத்துக்கு நேர் இணைப்பு இருந்தது. போலிகள் அந்த இணைப்பிலேயே கைவைக்க ஆரம்பித்ததால் 2023 இறுதியில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பட்டியலில் இதழ் இருப்பது தெரியும், அதன் உண்மையான வீடு எது என்று அங்கே தெரியாது. இவர்கள் புகுந்து விளையாடுவது சரியாக அந்த இடைவெளியில்தான்.

முதலில் 10,000, ஏற்புக் கடிதம் வந்ததும் 32,000. மொத்தம் 42,000 ரூபாய். பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு. “கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு மேடம்” என்றார்கள். ரசீது கேட்டேன், வந்தது. அதில் ‘கல்வி ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. கட்டுரை என்ற சொல்லே கிடையாது, இதழின் பெயரும் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, ஜிஎஸ்டிக்கு அப்படித்தான் போட முடியும் என்றார்கள்.

மதிப்பீட்டாளர் கருத்து என்று இரண்டு வரி வந்தது: ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்தவும், மேற்கோள்களைக் கூட்டவும். மாதிரி எடுத்த முறை பற்றியோ, அளந்த முறை பற்றியோ ஒரு கேள்வி இல்லை. கொஞ்ச நாளில் கட்டுரை ‘வெளியானது’. குழுவில் வாழ்த்து மழை. கைடுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்கோபஸில் வரவே இல்லை. கேட்டால் “இன்டெக்ஸ் ஆக ஆறு வாரம் ஆகும்.” ஆறு வாரம் கழித்து “சர்வர் அப்டேட் நடக்குது.” அப்புறம் “உங்க இஷ்யூ ப்ராசஸ்ல இருக்கு மேடம்.” அப்புறம் போனை ஒரு பெண் எடுத்து “சார் மீட்டிங்ல இருக்காங்க” என்றார். காலையிலும் மீட்டிங், சாயங்காலமும் மீட்டிங். பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து, இந்தக் கட்டுரை ஸ்கோபஸில் இல்லை, ஏற்க முடியாது என்று மெயில் வந்தது. அதை அப்படியே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அன்று இரவே குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கட்டுரையில் போட்டிருந்த டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) அன்றுதான் டிஓஐ தளத்தில் தனியாகப் போட்டேன். அப்படியொரு எண்ணே பதிவாகவில்லை. நிஜ இதழுக்கு மெயில் எழுதினேன். அங்கிருந்து ஒருவர் பண்பாகப் பதில் போட்டார்: அந்தத் தளம் எங்களுடையது அல்ல, பல புகார்கள் வந்துவிட்டன, எங்களால் அதை மூட முடியவில்லை, வருந்துகிறோம். 42,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான ஆசிரியர் கடிதம் அதுதான்.

இது புதிதும் இல்லை. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து வரும் ‘உல்ஃபெனியா’ என்ற தாவரவியல் இதழின் பெயரில் பத்து வருடங்களுக்கு முன்பே நகல் தளங்கள் முளைத்து, செடிகொடிக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகளையெல்லாம் காசுக்கு ஏற்றின. ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ என்ற, திரும்பப் பெறப்படும் ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம் 2022 முதல் இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள். நகல் அல்லாத, சொந்தப் பெயரிலேயே காசு பார்க்கும் இதழ்கள் தனி ரகம். 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் பக்கத்து ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் என்ற இதழ் வெளியீட்டு நிறுவனத்துக்கு எதிராக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. இவ்வளவு நடந்தும் எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் வகுப்பில் இதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. மேற்கோள் எப்படிப் போடுவது, காற்புள்ளி எங்கே வைப்பது என்று மட்டும் ஒரு வாரம் பாடம் எடுத்தார்கள்.

சரி, அந்த எண்ணுக்கு வருகிறேன்.

அவர்கள் பக்கம் வடிவமைத்தபோது என் அட்டவணையில் ஒரு வரியில் புள்ளி விழுந்துவிட்டது. 2.8 என்பது 28 ஆகிவிட்டது. மற்ற வரிகளெல்லாம் சரி. நான் பார்த்த அன்றே சொன்னேன். “கரெக்‌ஷன் சார்ஜ் 6,000 ஆகும்” என்றார்கள், அவர்கள் செய்த பிழைக்கு. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்பு முடங்கிப்போகும் அபாயம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 28 என்று ஒருவன் அச்சடிக்கிறான் என்றால், ஆசிரியர், மதிப்பீட்டாளர் என்று அங்கே மனிதர் யாருமே இல்லை என்று அர்த்தம்.

போலித் தளம்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைப்பீர்கள். கூகுள் ஸ்காலர் அதை எடுத்துக்கொண்டது. வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். அட்டவணையைப் படம் எடுத்து, 28-ஐச் சிவப்பில் வட்டம் போட்டு, ‘சர்வதேச ஆய்வு அதிர்ச்சித் தகவல்’ என்று தலைப்பு வைத்து, கீழே தன் கடை எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டார். நான் மாதிரி எடுத்த ஊரிலிருந்தே ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, “என்ன கண்ணு, எங்க தண்ணி விஷமா? அன்னிக்கு வந்தப்ப நீ ஒண்ணும் சொல்லலியே?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அதைவிட மோசம் இன்னொன்று. அந்த ஊர் இளைஞர்கள் சிலர் கிணற்றை மூடி மாற்றுக் குடிநீர் தரச் சொல்லி மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள், என் கட்டுரையை இணைத்து. அதிகாரி 28-ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். “இதெல்லாம் காசு கொடுத்துப் போடுற பேப்பர் தம்பி” என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் 2.8 இருக்கிறது. அனுமதித்த அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது நிஜம், நான் அளந்தேன். பொய்யான 28 போகும்போது நிஜமான 2.8-ஐயும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பெரிய இதழ்களிலும் தப்பு நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதை முழுதாகத் திரும்பப் பெற 2010 ஆனது, அதற்குள் பிரிட்டனில் பெற்றோர்கள் ஊசி போடப் பயந்து, தட்டம்மை திரும்பி வந்தது. 2020 மே மாதம் அதே லான்செட்டில், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது, 96,000 நோயாளிகளின் தகவல் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையின் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. தகவலைச் சரிபார்க்க முடியவில்லை என்று இரண்டே வாரத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 12 வருடமோ, 2 வாரமோ, அங்கே கேள்வி கேட்க ஒரு ஆசிரியர் இருந்தார், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று முத்திரை குத்த ஒரு ஆள் இருந்தார். என் 28-க்கு முத்திரை குத்த யாரிடம் போவது? கட்டுரையை நீக்குங்கள் என்று கேட்டதற்கு “வித்ட்ராயல் ஃபீஸ் 25,000” என்று பதில் வந்தது. 42,000 கொடுத்து உள்ளே போனேன், வெளியே வர இன்னொரு 25,000.

வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் அந்தக் கதவும் மூடிவிட்டது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டதும் என் கட்டுரை முழுவதும் அந்தப் போலித் தளத்தோடு பொருந்துகிறது. ‘ஏற்கெனவே வெளியான கட்டுரை’ என்று மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. கைடு “புதுசா சாம்பிள் எடுத்து எழுதும்மா” என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இரண்டு பருவத்துத் தண்ணீர் அது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். ஐஎஸ்எஸ்என் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள், எண்ணை யாரும் திருடலாம். பணம் கொடுக்கும் முன், அந்தத் தளத்தின் பழைய கட்டுரைகள் நான்கைந்தின் டிஓஐ எண்களை டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். அதே கட்டுரைகள் ஸ்கோபஸில் இருக்கின்றனவா என்று நூலகத்தில் கேளுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு, நேராக மெயில் போடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். தனிநபர் யுபிஐக்குப் பணம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நாள் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம். நான் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீதில் ஆலோசனைக் கட்டணம் என்றுதானே இருக்கிறது, ஆலோசனை கொடுத்தார்களா இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

தருமபுரிப் பக்கம் யாருக்காவது அந்த 28 படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். சரியான எண் 2.8. இதேபோல் ஒரு கன்சல்டன்சியிடம் பணம் கொடுத்து, கட்டுரை ஸ்கோபஸில் வராமல் நிற்பவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். உங்கள் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.