சிப்காட் ஷிப்டிலிருந்து தொண்டு நிறுவன வேலைக்கு: மூன்று வழிகளில் எது தேறும்?

ஓசூர் ஆலை வேலையில் இருந்துகொண்டே வேறு துறையை ஆழம் பார்க்க நினைப்பவருக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு: ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது, மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பது, தருமபுரி மாவட்டச் சித்திலிங்கி மாதிரி மலைப்பகுதியில் தங்கி வேலை.

மாலை வகுப்பு சுலபமாகக் கிடைக்கும், சுலபமாக நின்றும் போகும். வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவருக்கு மதியம் 2 மணி ஷிப்ட் வந்தால் அந்த வாரம் வகுப்பு இல்லை. அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். எதிர் ஷிப்டில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து எடுத்தால் தப்பும். ஆசிரியர் ஆவதே குறி என்றால், பி.எட்., தகுதித் தேர்வு இரண்டுக்கும் இது மாற்று ஆகாது.

குழுக் கணக்கு பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனாலும் எங்கள் ஓட்டு அதற்குத்தான். கிருஷ்ணகிரியில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை, 1979இல் ஐ.வி.டி.பி. என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய குழந்தை பிரான்சிஸுக்கு 2012இல் மகசேசே விருது கிடைத்த மண் இது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு இருக்கும். முதல் இரண்டு கூட்டங்களில் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். பிறகு மூன்று மாத வரவை வங்கி பாஸ்புக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் இடிக்கும். கூட்டத்தில் வசூலான பணம் நாலு நாள் கழித்து வங்கிக்குப் போயிருக்கும். இது வெறும் தேதி வித்தியாசம். மற்றது சிக்கல்: அசலையும் வட்டியையும் சேர்த்து ஒரே தொகையாகக் கடனில் கழித்திருப்பார்கள், பாக்கி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதைப் பிரித்துக் காட்டத் தெரிந்தால், கள அலுவலர் வேலைக்கு நேர்காணலில் சொல்லச் சரக்கு இருக்கும். ஒன்று மட்டும்: குழுப் பணத்தைக் கையால் வாங்காதீர்கள்.

சித்திலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா இருவரும் 1993இல் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். பின்னால் இயற்கை விவசாயமும் லம்பாடிப் பெண்களின் பூத்தையலும் அதோடு சேர்ந்தன. ஒரே பள்ளத்தாக்கில் மூன்று துறைகளைப் பார்க்கலாம். ஆனால் அரூர் தாண்டி மலைக்குள் போகும் இடம், ஞாயிற்றுக்கிழமை போய்வருவது வேடிக்கை பார்ப்பதாகவே முடியும். இரண்டு மாதமாவது தங்கவேண்டும், அதாவது சம்பளமில்லா விடுப்பு. இப்படித் தங்கி வேலை செய்ய எங்கே போனாலும், என்ன வேலை, யாருக்குக் கீழே, சாப்பாட்டுச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். "எதுவானாலும் செய்கிறேன்" என்று போகிறவருக்கு விழாவில் போட்டோ எடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

எங்கே செய்தாலும், முடிக்கும்போது தேதி, மொத்த மணிநேரம், செய்த வேலை மூன்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். "சமூக சேவை செய்தார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழை நேர்காணலில் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.