ஓப்பன்சென்ஸ் ஃபயர்வால்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆண்டு, திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை அலுவலகத்தின் கணக்குக் கணினியில் புகுந்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர், கணக்குக் கோப்புகளோடு, அதே கணினியில் செருகியபடியே கிடந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டிவிட்டது. பிழை எங்களுடையதுதான். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் வசதிக்காக, ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389 ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) ரவுட்டரில் இணையத்துக்கு நேரே திறந்து வைத்திருந்தோம். கடவுச்சொல்லும் எவரும் ஊகிக்கக்கூடியதாகவே இருந்தது. அதன் பிறகுதான், இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் இடையே நின்று போக்குவரத்தைச் சோதிக்கும் ஃபயர்வாலான ஓப்பன்சென்ஸைப் பொருத்தினோம்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் அமைந்த இந்தத் திறமூல ஃபயர்வால், 2015 இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து கிளைத்தது. நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. பழைய கணினியிலும் ஓடும் என்றாலும், ஃப்ரீபிஎஸ்டியோடு நன்கு ஒத்துப்போகும் இன்டெல் நெட்வொர்க் போர்ட்டுகளும் 8 ஜிபி நினைவகமும் உள்ள சிறு பெட்டி ஒன்றை இதற்கெனவே வாங்கினோம்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது இதிலுள்ள வயர்கார்டு விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரக் குறியாக்கம் செய்த தனிப் பாதை. 3389 ஐ அடியோடு மூடிவிட்டோம். வீட்டிலிருந்து வருபவர் முதலில் வயர்கார்டு வழியாக உள்ளே வந்த பிறகே கணக்குக் கணினியைத் தொட முடியும். உரிய சாவி இல்லாமல் வரும் தரவுக்கு வயர்கார்டு பதிலே அனுப்பாது என்பதால், திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையத்தைத் துழாவுபவர்களுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. சிசிடிவி கேமராக்களையும் விருந்தினர் வைஃபையையும் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) மூலம் தனித்தனியாகப் பிரித்திருக்கிறோம். இதற்கு விலேன் வசதியுள்ள சுவிட்ச் தேவைப்பட்டது, அது தனிச் செலவு.

ஊடுருவலைக் கண்டறிய இதிலுள்ள சுரிகாட்டா எனக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. இன்று பெரும்பாலான இணையப் போக்குவரத்து குறியாக்கம் செய்யப்பட்டே செல்வதால் அதன் பார்வைக்கு எட்டுவது குறைவு. எல்லா விதிகளையும் இயக்கிய முதல் வாரத்தில் வந்து குவிந்த எச்சரிக்கைகளைப் படிக்க ஆளில்லாமல், பாதியை நிறுத்திவிட்டோம்.

பதிவுகள் பற்றி ஒரு குறிப்பு. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. ஓப்பன்சென்ஸ் இயல்பாக ஏறத்தாழ ஒரு மாதப் பதிவுகளையே வைத்திருக்கும். அமைப்புகளில் அந்த நாள் எண்ணிக்கையை நாமே கூட்டிவிட வேண்டும். பொருத்தித் தருபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

இலவசம் என்ற சொல்லை நம்பி இறங்குபவர்கள் ஆள்கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெரிய பதிப்புகள் வெளிவருகின்றன. இடையே சிறு திருத்தங்களும் வரும். நெட்வொர்க் தெரிந்த ஒருவர் மாதம் ஒருமுறையாவது வந்து பார்க்காவிட்டால், இந்தப் பெட்டியும் பழைய ரவுட்டர் போலவே கவனிப்பாரற்றுக் கிடக்கும். நமக்குப் பொருள் விற்பவரின் பெயரில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வரும் போலி மின்னஞ்சலையும் இது தடுக்காது. அதற்கு நாங்கள் இன்றும் தொலைபேசியில் அழைத்துத்தான் உறுதிசெய்கிறோம். பேக்கப் டிஸ்க்கைத் தினமும் மாலையில் கழற்றி அலமாரியில் வைப்பதும் எங்கள் கணக்காளரின் வேலைதான்.

இருபது கணினிகளும் வெளியிலிருந்து வேலை பார்க்கும் சிலரும் உள்ள அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்கைந்து கணினிகளே உள்ள கடைக்கு இது தேவையில்லை. திறந்து கிடக்கும் போர்ட்டுகளை ரவுட்டரிலேயே மூடி, அதன் மென்பொருளைப் புதுப்பித்தால் இப்போதைக்குப் போதும்.