சிங்கப்பூர் உலக நகரங்கள் மாநாடு: தங்குவது மரீனா பேயா, தேக்காவா, ஜொகூரா?

சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் உலக நகரங்கள் மாநாட்டில் மேயர்களும் இளம் தலைவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். 2024-இல் ஜூன் 2 முதல் 4 வரை மரீனா பே சாண்ட்ஸில் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகும் இளைஞர்கள் அறை தேடும்போது வாடகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். காலை அமர்வுக்கு முன்பும் மாலை அமர்வுக்குப் பின்பும் அரங்கில் நிற்க முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு மேயரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசக் கிடைப்பது அந்த நேரங்களில்தான்.

மரீனா பேயில் தங்கினால் பயணமே இல்லை. நடுவில் அறைக்குப் போய் உடை மாற்றலாம். ஆனால் வாடகை மிக அதிகம். குழுவோடு மேயர் வருகிறார் என்றால் அவருக்கு மட்டும் அங்கே ஓர் அறை போடுவது நியாயம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, நமக்கு வசதி என்பது இட்லிக்காக மட்டுமல்ல. அங்கிருந்து அரங்கின் வாசலான பேஃபிரண்ட் நிலையத்துக்கு டவுன்டவுன் ரயில் பாதையில் நான்கே நிறுத்தம், மாற வேண்டியதில்லை. இங்கே கவனம் வேண்டும். முஸ்தபா கடைத்தொகுதிப் பக்கம் அறை எடுத்தால் அருகில் இருப்பது ஃபேரர் பார்க்; அது வேறு பாதை, ஒரு நிறுத்தம் போய் மாற வேண்டும். ஜாலான் புசார் நிலையம் டவுன்டவுன் பாதையில்தான் இருக்கிறது, ஆனால் பாதை வளைந்து போவதால் பேஃபிரண்டுக்கு ஆறு நிறுத்தம். அங்கே புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் ஏறுங்கள். லிட்டில் இந்தியாவிலோ எக்ஸ்போ போகும் ரயிலில். மலிவான அறைகள் பலவற்றுக்கு ஜன்னல் இருக்காது, பதிவு செய்யும் முன் பாருங்கள்.

ரயில் கதவில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையையே தட்டலாம். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் நாமாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் இயக்குங்கள். ஓர் அட்டையில் இருவர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில் வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் வேலைநாள் காலையில் இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தைக் கடப்பவர்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்கிறார்கள். ஜூனில் சிங்கப்பூரின் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேரும். பேருந்தில் வந்தால் ஜொகூர் குடிநுழைவுச் சோதனையில் ஒருமுறை, சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒருமுறை பையோடு இறங்கி ஏற வேண்டும். ஐந்தே நிமிடத்தில் கடக்கும் தெப்ராவ் ரயிலின் காலைச் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் வருகை அட்டையை இணையத்தில் புதிதாக நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் பாலம் தாண்டினால் திரும்ப உள்ளே வர முடியாமல் போகும். இத்தனையும் சரியாக நடந்தாலும் மாலை விருந்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

மாநாடு முடிந்தபின் ஊர் சுற்ற ஜொகூருக்கு மாறிக்கொள்ளலாம். ஊர் திரும்பும் விமானம் சாங்கியிலிருந்து காலையில் என்றால் கடைசி இரவை மட்டும் சிங்கப்பூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.