யுக்கா மலையும் ஒல்கிலுவோத்தோவும்: அணுக்கழிவுக்கான இரண்டு நிலவறைகள்

பயன்படுத்திய அணு எரிபொருளை ஆழ்நிலத்தில் புதைப்பது என்ற முடிவுக்கு அமெரிக்காவும் பின்லாந்தும் 1980களிலேயே வந்துவிட்டன. பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோ தீவில் ஓங்கலோ நிலவறை சோதனை ஓட்டத்தை எட்டியிருக்கிறது. நெவாடாவின் யுக்கா மலையிலோ ஆய்வுக்காகக் குடைந்த சுரங்கம் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

ஓங்கலோ 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையில் அமைந்திருக்கிறது. அங்கே நீர் உண்டு, ஆனால் அதில் கரைந்த ஆக்சிஜன் இல்லை என்பதால், எரிபொருளை அடைக்கும் செப்பு உருளைகள் மிக மெதுவாகவே அரிபடும் என்பதும், சுற்றிலும் நிரப்பப்படும் பென்டோனைட் களிமண் ஈரத்தில் உப்பி நீரோட்டத்தைத் தடுக்கும் என்பதும் அதன் வடிவமைப்புக்கு அடிப்படை. செம்பின் அரிமானம் பற்றிச் சுவீடன் ஆய்வாளர்கள் சிலர் எழுப்பிய ஐயத்தை அற்பமென்று ஒதுக்க முடியாது.

யுக்கா மலையின் தர்க்கம் இதற்கு நேரெதிரானது. நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் மேலே, எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைக்குள், வறட்சியையே காவலாக நம்பிய திட்டம் அது. ஆனால் காற்று புகும் இடத்தில் சிறிதளவு நீர் கசிந்தாலும் எரிபொருளான யுரேனியம் ஆக்சைடு சிதையும் என்பதால், கலன்களுக்கு மேல் டைட்டானியக் கவசங்களைப் பொருத்தவேண்டும் என்று பின்னர் சேர்த்தார்கள். பாறை செய்ய வேண்டிய வேலையை உலோகத்திடம் ஒப்படைத்ததாகவே எனக்கு இது தோன்றுகிறது.

அரசியலில் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு மின் அணு உலைகூட இல்லாத, ஆனால் அணுகுண்டுச் சோதனைகளை ஏற்கெனவே சுமந்த நெவாடாவை மட்டுமே ஆராய்ந்தால் போதும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1987இல் சட்டம் திருத்தியது. 2002இல் நெவாடா ஆளுநர் தெரிவித்த மறுப்பையும் வாக்கெடுப்பால் தள்ளியது. அதே 1987இல் பின்லாந்து இயற்றிய சட்டமோ, உள்ளூராட்சிக்கு எவராலும் மீற முடியாத மறுப்புரிமையை அளித்தது. ஒல்கிலுவோத்தோ அமைந்த எவுராயோக்கியின் உள்ளாட்சி மன்றம் 2000இல் 20க்கு 7 என்ற கணக்கில் இசைவு தந்தது. அணு உலைகளோடு பழகிய, அவற்றின் வரிவருவாயில் வளர்ந்த ஊர் அது என்பதையும், பின்லாந்து புதைக்கவிருப்பது சுமார் 6,500 டன் என்றால் யுக்காவுக்குச் சட்டம் விதித்த வரம்பே 70,000 டன் என்பதையும் மறந்துவிட்டுப் பின்லாந்தைப் புகழ்வது நியாயமாகாது.

ஒபாமா அரசு 2010இல் கைவிட முனைந்த யுக்கா திட்டத்தை, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைய அலுவலர்கள் 2015இல் பெரும்பாலான விதிகளுக்கு உட்பட்டதென்றே மதிப்பிட்டார்கள். நிறைவேறாதவையென அவர்கள் குறித்தவை நில உரிமையும் நீர் உரிமையும். அந்த நீரை மறுத்தது நெவாடா மாநிலம்.