அந்தமானா, லட்சத்தீவா?

"ஏனுங்க, பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோட தீவுக்குப் போறோம், எது நல்லதுங்க?" கோவை, திருப்பூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

போக்குவரத்து
அந்தமான்: சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.
லட்சத்தீவு: பாலக்காடு தாண்டிக் கொச்சி, அங்கிருந்து அகத்தித் தீவுக்கு விமானம். கப்பலும் உண்டு.

அனுமதி
அந்தமான்: வழக்கமான சுற்றுலா இடங்களுக்கு இந்தியர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை.
லட்சத்தீவு: நுழைவு அனுமதி கட்டாயம். அது கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

பார்க்க
அந்தமான்: 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை. ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்திருக்கும். கைதிகள் ஒருவர் முகம் ஒருவர் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அப்புறம் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை.
லட்சத்தீவு: கடல்தான் எல்லாம்.

தண்ணீரில் இறங்க
அந்தமான்: எலிஃபண்ட் கடற்கரையில் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), ஹேவ்லாக்கில் ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்துக்கு முங்குவது).
லட்சத்தீவு: என் ஓட்டு இதற்குத்தான். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே காயல் குளம் போல அடங்கிக் கிடக்கும். கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் தைரியமாக இறங்கலாம். உப்புத் தண்ணீர் தூக்கிவிடும். பழகாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழற்றக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டுமே வேண்டாம், மழைக்காலம்.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? அந்தமான் போங்கள். லட்சத்தீவுக் கப்பலில் போனால் பல தீவுகளில் நடுக்கடலிலேயே சிறு படகுக்கு மாற வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்குச் சிரமம். கடலில் ஊறவே போகும் இளசுகளுக்கு லட்சத்தீவுதான் சரி.