சுடுதண்ணிப் போத்தலோடு இரண்டு வருடம்

கொக்குவிலில் அறை எடுத்து, கம்பஸில் முதுதத்துவமாணிக்குப் பதிந்த வாரத்தில் வாங்கிய ஒரு லீற்றர் சில்வர் போத்தல் இது. இரண்டு தரம் சீமெந்துத் தரையில் விழுந்து அடி நசுங்கியிருக்கிறது. இருந்தாலும் இரவு பத்து மணிக்கு ஊற்றிய தண்ணி விடிய நாலு மணிக்கும் நாக்கைச் சுடுகிறது. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். மூடிப் பக்கத்தால்தான் சூடு கொஞ்சம் கசியும். கொதிதண்ணியால் ஒருமுறை அலசிவிட்டு நிரப்பினால் இன்னும் நேரம் நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் பாவிப்பவர்களுக்கு உண்மையான தலையிடி தண்ணிதான். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பதால் போத்தலுக்குள் வெள்ளைப்படை பிடிக்கும். தேசிக்காய்ப்புளி விட்டு ஒரு இரவு வைத்தால் கழன்றுவிடும். தேயிலைக் கறைக்கு அப்பச்சோடா. பால்தேத்தண்ணி மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். றப்பர் வளையத்தில் ஏறிய மணம் போக எனக்கு ஒரு மாதம் எடுத்தது. இப்போது உள்ளே வெறும் சுடுதண்ணி, பக்கத்தில் தேயிலை டின், கடிக்கப் பனங்கட்டி.

சரி, போன மாதம் விடிய விடிய விழித்திருந்து எழுதிய ஒரு இரவுக்கு வருகிறேன். என் ஆய்வும் இதே கிணற்றுத் தண்ணியைப் பற்றியதுதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று எப்படி ஏறுகிறது என்ற அத்தியாயத்தை மறுநாள் பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு முதல் கோப்பை. ஒன்றரைக்கு இரண்டாவது. அதுவரைக்கும் எழுத்து ஓடியது. மூன்றரைக்குப் பிறகு விசிறிக்குக் கீழேயும் நுளம்பு, ஆனால் உடம்பு குளிர்ந்தது. விடியப்புறம் உடம்புச் சூடு ஆகக் கீழே இறங்கும் நேரம் அது. நாலு மணிக்கு நாலாவது கோப்பை. போத்தல் தன் வேலையைச் சரியாகச் செய்ததுதான் பிழையாகப் போனது. தண்ணி ஆறியிருந்தால் போய்ப் படுத்திருப்பேன்.

தேத்தண்ணி நித்திரையைத் தீர்ப்பதில்லை. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற, நித்திரையை வரவைக்கும் பொருள் சேரும். தேயிலையில் உள்ள கஃபீன் அது போய் இருக்கும் கதிரைகளில் முந்திப் போய்க் குந்திக்கொள்ளும், அவ்வளவுதான். அடினோசின் வெளியே வரிசையில் நிற்கும்.

காலையில் சைக்கிளை எடுக்கும்போது வீட்டுக்கார அன்ரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. “தம்பி, விடிய விடிய லைற் எரிஞ்சது. கண் ரெண்டும் கொவ்வைப்பழம் மாதிரிக் கிடக்கு, பாத்துப் போ.” பரமேஸ்வராச் சந்தியில் ஓட்டோ ஒன்று கோர்ண் அடித்த பிறகுதான் நான் நடு றோட்டில் போவது தெரிந்தது. 17 மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நான் அப்போது 27வது மணிநேரத்தில் இருந்தேன்.

சேர் நாலாம் பக்கத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நான் 500 என்று அடித்திருந்தேன். அதற்குக் கீழே, “ஆகவே இப்பகுதிக் கிணறுகள் யாவும் பாதுகாப்பானவை” என்று ஒரு முடிவு வேறு.

“இதை எத்தினை மணிக்கு எழுதினீர்?”

“நாலு மணி இருக்கும், சேர்.”

“அதுதான் ஊரில ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை.”

பகல் அறைக்கு வந்து படுத்தால் நித்திரையும் இல்லை. கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணிநேரம் அளவில் வேண்டும். நாலு கோப்பையின் மிச்சம் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அட்டவணைகள். மூன்று மணிக்கு எழும்பி, பிழைகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரே பந்தியை இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தேன். அதை சேர் காணவில்லை.

இப்போது பத்து மணிக்குப் போத்தலில் பாதிதான் ஊற்றுகிறேன். பதினொன்றுக்குப் பிறகு மல்லித் தண்ணி. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். சூடு நிற்கிறது, பூட்டு இறுக்கம். றப்பர் வளையம் மட்டும் தேய்ந்துவிட்டது. தனியாக வளையம் கேட்டால் கடைக்காரர் புதுப் போத்தலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.