ஸ்பிதியில் ‘மடாலய வாழ்க்கை’ விற்கிறார்கள்: முன்பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய் பௌத்த மடாலயத்தில் சில நாள் தங்கிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய பயண ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே சரக்கை வேறு வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள் என்பது இன்னொன்று. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

பேக்கேஜ் விலை தலைக்கு 42,000 ரூபாய். நானும் மனைவியும் சித்தியும் போனோம். சித்திக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியை, பாலி இலக்கியத்தைத் தமிழில் படித்துப் படித்து ஒரு கோம்பாவில், அதாவது திபெத்திய பௌத்த மடாலயத்தில், நாலு நாளாவது இருந்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். தமிழ் பேசும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தார். சிம்லா வழியாகக் கின்னௌர் சென்று மெதுவாக உயரம் ஏறுவது, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா பகுதியில் இருக்கும் இரவுகளெல்லாம் கீ மடாலயத்தில் தங்குவது, அதிகாலைப் பிரார்த்தனையில் உட்காருவது, துறவிகளின் சமையலறையில் சாப்பிடுவது, ஒரு லாமாவிடம் தியான வகுப்பு. பேக்கேஜ் பணத்துக்கு மேல் இரண்டு தொகைகள் தனியாகக் கேட்டார். ‘எல்லைப் பகுதி அனுமதி’ தலைக்கு 2,000, ‘கோம்பா நன்கொடை’ தலைக்கு 3,000. நன்கொடைக்கு ஊதா முத்திரை குத்திய ரசீதும் வந்தது.

அனுமதிக் கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுத்தப் பொய். ஸ்பிதிக்குப் போக இந்தியக் குடிமக்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு தேவையில்லை. ரெக்காங் பியோவிலிருந்து சும்தோ வழியாகத் தாபோ, காஸா வரும் எல்லையோரப் பாதைக்கு வெளிநாட்டினர்தான் அதை வாங்க வேண்டும். நம் கையில் அடையாள அட்டை இருந்தால் போதும். இந்தியரிடம் யாராவது ஸ்பிதி பெர்மிட்டுக்குப் பணம் கேட்டால், மிச்சப் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஃபோன். “கின்னௌர் பாதையில் நிலச்சரிவு, வண்டி போகாது. மணாலி வழியாக ஒரே நாளில் காஸா போய்விடலாம், கவலையே படாதீர்கள் அண்ணா.” கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கும். அதன் விலை என்ன என்பதைப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். அங்கிருந்து அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கிராம்ஃபூ, பாத்தல் என்று பாதை என்ற பெயருக்கே பொருந்தாத கற்குவியலில் ஆடி ஆடி, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாயில் ஏறி இறங்கி, அன்றிரவே 3,600 மீட்டரைத் தாண்டிய காஸாவில் படுக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. கின்னௌர் வழியில் கல்பா, நாக்கோ, தாபோ என்று தங்கித் தங்கி வந்தால் உடம்பு தானாகப் பழகிவிடும். ஆனால் அதற்கு ஏஜென்சி கூடுதல் இரவுகளுக்கு அறைவாடகை கொடுக்க வேண்டும். நிலச்சரிவு எங்கே நடந்தது என்பது காஸாவில் தெரிந்தது. ரெக்காங் பியோவிலிருந்து வரும் அரசு பஸ், கண்ணாடி வரை புழுதி பூசிக்கொண்டு, மாலையில் எங்கள் கண் முன்னால் நிலையத்துக்குள் நுழைந்தது. நடத்துநரிடம் கேட்டேன். பாதை திறந்துதான் இருக்கிறது, தினமும் வருகிறோம் என்றார்.

அதற்குள் சித்தி படுத்துவிட்டார். “தலையைக் கயிறு போட்டு முறுக்குவது போல் இருக்கிறதப்பா” என்றவர், கொஞ்ச நேரத்தில் குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தார். ஏஜென்சியின் உள்ளூர் ஆள் ஓடிவந்தது உண்மை. கையில் வாசனைத் தெளிப்பான் அளவுக்கு ஒரு ஆக்சிஜன் டின், விலை 1,200 ரூபாய். அந்த டின்கள் சில நிமிட மூச்சுக்குத்தான் வரும். மலை நோய்க்கு அது சிகிச்சையே அல்ல. காஸாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போங்கள் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர்க் கடைக்காரர்தான் வழி காட்டினார். மருத்துவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, முறையான சிலிண்டரில் ஆக்சிஜன் கொடுத்து, தெளிவாகச் சொன்னார்: விடிந்ததும் கீழே இறக்குங்கள், இன்னும் மேலே கொண்டு போகாதீர்கள்.

இப்போது ‘மடாலயத் தங்கல்’ விஷயத்துக்கு வருகிறேன். எங்களை இறக்கிவிட்டது காஸா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு புதுக் கான்கிரீட் ஹோட்டலில். வாசலில் ஐந்து நிறக் கொடித்தோரணம், வரவேற்பறையில் நெகிழிப் பையைக் கூடக் கழற்றாத ஒரு புத்தர் படம். கீ மடாலயம் எங்கே என்று ஒருங்கிணைப்பாளரை ஃபோனில் கேட்டபோது, “அது இங்கிருந்து அரை மணி நேரம்தான் அண்ணா, காஸாவிலேயே ஒரு மடாலயம் இருக்கிறதே, ஜன்னலைத் திறந்தால் தெரியும்” என்றார். தெரிந்தது, உண்மைதான். திபெத்திய பௌத்தத்தின் சாக்கிய மரபைச் சேர்ந்த அந்த மடாலயம் சாலையோரத்தில் அழகாகவே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கவா 42,000 கொடுத்தோம்?

தியான வகுப்பும் நடந்தது. நடந்ததா என்று கேட்டால் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சித்தியை மனைவி பார்த்துக்கொள்ள, என்னையும் புனேயிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். அரக்குச் சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் வந்து, கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று இந்தியில் இரண்டு வரி சொல்லிவிட்டு, எங்கள் கழுத்தில் மரியாதைக்காகப் போடும் வெள்ளைக் கதக் துணியைப் போட்டார். புனே குடும்பத்துப் பையனின் துணியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. மறுநாள் காலை அதே பெரியவர், ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாயுமாக எங்களுக்கு ஆலு பரோட்டா பரிமாறினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் லாமா என்று அவர் சொல்லவே இல்லை, அப்படிச் சொன்னது ஏஜென்சி.

சித்தியை மனைவியோடு காலையிலேயே தாபோவுக்கு அனுப்பினேன். வண்டியை டாக்சி சங்கத்தில் எடுத்தோம். கட்டணப் பட்டியல் அங்கேயே எழுதி வைத்திருக்கிறது, பேரத்துக்கே இடமில்லை. நான் மட்டும் கீ மடாலயத்துக்குப் போனேன், கையில் அந்த ஊதா முத்திரை ரசீதோடு.

கீ 4,166 மீட்டரில் ஒரு கூம்புக் குன்றை முழுக்க மூடிக்கொண்டு அடுக்கடுக்காக எழுந்திருக்கும், தலாய் லாமாவின் கெலுக் மரபைச் சேர்ந்த மடாலயம். 1975 நிலநடுக்கத்தில் அடிபட்டு மீண்டது, 2000இல் தலாய் லாமா காலச்சக்கர தீட்சை நடத்திய இடம். அலுவலகத்தில் இருந்த இளம் துறவி என் ரசீதை வாங்கி முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தங்கள் ரசீதுப் புத்தகத்தை எடுத்து என் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர்களுடையதில் வரிசை எண் அச்சாகியிருந்தது, நடுவில் கார்பன் தாள். என்னுடையதில் எண்ணே இல்லை. “இது எங்களுடையது அல்ல. நாங்கள் எந்த ஏஜென்சி மூலமாகவும் நன்கொடை வாங்குவதில்லை” என்றார். ஏஜென்சியின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பெயரில் அறையும் பதிவாகவில்லை. அதைவிட எரிச்சல் என்னவென்றால், அறை காலியாகவே இருந்தது! மடாலயத்தில் தங்க வருபவர்களுக்கு எளிய அறைகள் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து அவர்கள் கேட்கும் தொகை, எங்கள் ஏஜென்சி நன்கொடை என்று பறித்ததைவிட எவ்வளவோ குறைவு. புகையேறிக் கறுத்த பழைய சமையலறையில் உட்கார வைத்து மூலிகைத் தேநீர் கொடுத்தார்கள். அதற்குக் காசே வாங்கவில்லை.

தாபோவில் சித்தி தேறிவிட்டார். அது சுமார் 3,280 மீட்டர், காஸாவைவிடத் தாழ்வு. மறுநாள் காலை கஞ்சி கேட்டார், அதற்கு அடுத்த கேள்வி “கோயில் எப்போது திறப்பார்கள்?” 996ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மடாலயம் அது. வெளியிலிருந்து பார்த்தால் மண் குதிர்கள் மாதிரி இருக்கும். உள்ளே அரையிருட்டில், நான்கு சுவரிலும் ஆளுயர மண்சிற்பங்கள் அந்தரத்தில் அமர்ந்து நம்மைச் சுற்றி வளைக்கின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை, டார்ச் கொண்டுபோங்கள். மடாலயமே நடத்தும் விடுதியில் தங்கினோம், அதிகாலைப் பிரார்த்தனையில் ஓரமாக உட்கார யாரும் தடை சொல்லவில்லை. நாங்கள் தேடிப்போனது இங்கேதான் கிடைத்தது, ஏஜென்சிக்கு ஒரு பைசாவும் போகாமல்.

ஆகவே போகிறவர்கள் அறையை மடாலயத்திடமே கேளுங்கள். ஃபோன் கிடைக்காவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள், இல்லையென்றால் அந்தந்தக் கிராமத்து ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன. நன்கொடையை உண்டியலில் போடுங்கள் அல்லது அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்முறை போகிறீர்கள், கூட வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் கின்னௌர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இமாச்சலத்தில் பயண ஏஜென்சிகள் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். முன்பணத்துக்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் புகாருக்காகக் கேட்டபோது எனக்கு வந்தது ஒரு கும்பிடு எமோஜி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். என் வழக்கில் அந்த உரையாடலும், எண் இல்லாத ரசீதும், காஸா மருத்துவமனைச் சீட்டும்தான் ஆவணங்கள். நோட்டீஸ் போனபின் ஏஜென்சியிடமிருந்து இதுவரை வந்திருக்கும் ஒரே பதில், அடுத்த கோடையில் லடாக் ‘மடாலய வாழ்க்கை’ பேக்கேஜில் எங்கள் மூவருக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி.